நிரூபிக்காவிட்டால் நஷ்டமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு சட்ட ஆலோசனைப் பகுதியில், கணவர் தன் பதில் மனுவில் தன்னை நடத்தை கெட்டவள் என்று எழுதியிருப்பதாக ஒரு சகோதரி அழாத குறையாகக் கேட்டிருந்தார். "அவரால் நிரூபிக்க முடியாவிட்டால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை" என்று பதில் போட்டிருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு எனக்குக் காபி இறங்கவில்லை. என் முதல் வக்கீலும் இதையேதான் சொன்னார்: "நிரூபிக்க முடியாதும்மா, விடுங்க." விட்டேன். மூன்று வருடம் போயிற்று.

விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்டு நான் போட்ட மனுவுக்கு வந்த பதிலில் ஏழாவது பத்தி அது. கூட வேலை பார்த்த ஒருவரோடு எனக்குத் தகாத உறவு என்று நாலு வரி. அடைமழையில் ஒரே ஒரு நாள் அவர் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை வந்திருந்தேன். எத்தனை தடவை போனீர்கள், எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள் என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். கவுன்சலிங்கில் என் கணவர், "அது வக்கீல் எழுதினது, நான் கையெழுத்துதான் போட்டேன்" என்றார். பிறர் தொடர்பில் வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்தில் இருக்கிறதே, அதற்காகத்தான் அந்த நாலு வரி.

என் மகன் அப்போது பத்தாவது. பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்த நகலை எடுத்துப் படித்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றான். எனக்குத் துணையாக நின்றானா, யாரோடு வருகிறேன் என்று பார்க்க நின்றானா? இன்று வரை அவனிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்கூட்டர்காரர் மகள் கல்யாணத்துக்கு ஆபீசில் எல்லோருக்கும் பத்திரிகை வைத்துவிட்டு என் மேஜையைத் தாண்டிப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழாவது பத்தி அவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

2003-லேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது என்று பிறகு வந்த வக்கீல் அம்மாதான் எடுத்துக் காட்டினார். மகாராஷ்டிரத்திலிருந்து போன வழக்கு. மனைவியின் ஒழுக்கத்தைப் பழித்துப் பதில் மனுவில் எழுதிய கணவர், பிறகு திருத்த மனுப் போட்டு அதை நீக்கியும் பார்த்தார். எழுதியதே மனக் கொடுமை, நீக்கியதால் அது இல்லையென்று ஆகிவிடாது என்று தீர்ப்பாயிற்று. 2016-ல் கர்நாடக வழக்கொன்றில், வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு கணவரை இணைத்துப் பேசிய மனைவி அதை நிரூபிக்க முடியாததால், அதையும் ஒரு காரணமாக வைத்துக் கணவருக்கு விவாகரத்து கொடுத்தது அதே நீதிமன்றம். ஆணுக்கும் இதே நியாயம்தான். ஒவ்வொரு வழக்கும் அதனதன் தன்மையைப் பொறுத்தது என்றாவது எழுதியிருக்கலாமே!

சொல்ல வந்ததோடு இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. "நடத்தையில் சந்தேகம்: மனைவி வெட்டிக் கொலை" என்று எத்தனை தடவை தலைப்புப் போட்டிருக்கிறீர்கள்! வெட்டியவன் சந்தேகம் செத்தவள் பேரோடு ஒட்டிக்கொள்கிறது. யாரும் நிரூபிக்காமலே 'கள்ளக்காதல்' என்று எழுதுகிறீர்கள். விவாகரத்து விசாரணை மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், அதை அனுமதியின்றி அச்சிடக் கூடாது என்று இந்து திருமணச் சட்டம் 22-வது பிரிவு சொல்வது உங்களுக்குத் தெரியாததல்ல. மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். இதைப் பற்றி முன்பே இரண்டு கடிதம் போட்டேன். வெளியிடவில்லை, பரவாயில்லை.

இந்த ஒன்றை மட்டும் செய்யுங்கள். வரும் ஞாயிறு அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், அந்தப் பதிலைத் திருத்திப் போடுங்கள். பதில் மனுவின் நகலோடு வேறொரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சகோதரி வாய்தாவுக்கு முன் படிக்க வேண்டும்.

என் பெயரைப் போட வேண்டாம். மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல் மாவட்டம்