நேற்று நீ அனுப்பிய 'ம்'

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று மத்தியானம் உனக்கு நீளமாக ஒரு மெசேஜ் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமானது. நீ டைப் செய்வதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது 'ம்' மட்டும். ராத்திரி வரை அந்த ஒற்றை எழுத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். கோபமா, அலுப்பா, வேலை நடுவில் அனுப்பியதா? நேரில் என்றால் உன் முகமே சொல்லியிருக்கும்.

அப்போதுதான் நீ பத்தாவது படித்த வருஷம் ஞாபகம் வந்தது. தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும். போனைக் கவிழ்த்து வைப்பாய், அரை நிமிஷத்தில் திருப்பிப் பார்ப்பாய், மறுபடி கவிழ்ப்பாய். தோழி படித்துவிட்டும் பதில் போடவில்லை என்று அழுதாய். "போன்ல நடக்கிறதுக்கெல்லாமா அழுவாங்க?" என்று கேட்டுவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் காலத்தில் ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், பள்ளிக்கூடம் விட்டதும் அது அங்கேயே நின்றுவிடும். மறுநாள் காலைக்குள் பாதி ஆறியும் போயிருக்கும். உனக்கு அந்த ஒரு ராத்திரி கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன்பு, 'இன்னும் பார்த்திருக்க மாட்டாள்' என்று மனசைத் தேற்றிக்கொள்ளவாவது முடிந்தது. அதை அணைத்து வைக்கலாம்தான். ஆனால் அணைத்தால் மற்றவர்கள் படித்ததும் நமக்குத் தெரியாது. குரூப்பில் அணைக்கவே முடியாது. உன்னை விட்டுவிட்டு உன் தோழிகள் தனியாக ஒரு குரூப் தொடங்கியதை நீ எனக்குச் சொன்னதே மூன்று வருஷம் கழித்துத்தான். அத்தனை நாளும் அதை எங்கே வைத்திருந்தாய்?

2005-இல் அமெரிக்காவில் மின்னஞ்சலை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் படிப்பவர்கள் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டுச் சொன்னாலே பாதி சரியாக வரும். பெரியவர்களுக்கே அப்படி என்றால், பதினைந்து வயசில் ஒரு 'ஓகே'யை வைத்துக்கொண்டு நீ எவ்வளவு தவித்திருப்பாய்.

நல்லதையும் நான் பார்க்கத் தவறினேன். அமெரிக்கப் பதின்வயதினரிடம் பியூ ஆய்வு மையம் 2022-இல் கேட்டபோது, கஷ்டத்தில் தோள் கொடுக்க ஆள் இருப்பதாகச் சமூக ஊடகம் உணரவைக்கிறது என்று 67 சதவீதம் பேர் சொன்னார்கள். படித்ததும் உன் அந்த இன்னொரு தோழிதான் நினைவுக்கு வந்தாள். நேரில் ஒருமுறைகூடப் பார்க்காதவள். "யாருன்னே தெரியாதவகிட்ட என்ன பேச்சு?" என்று திட்டினேன். பரீட்சைக்கு முந்தைய ராத்திரி நீ தூங்கும்வரை விடாமல் மெசேஜ் அனுப்பியவள் அவள்தான். யாரென்று விசாரித்தது தப்பில்லை, இப்போதும் விசாரிப்பேன். அவளை ஒரு பொருட்டாக நினைக்காததுதான் தப்பு.

சரி, நேற்றைய 'ம்'முக்கு நானாக அர்த்தம் பண்ணிக்கொள்ளப் போவதில்லை, உன்னையே கேட்கிறேன். நேரம் கிடைக்கும்போது வாய்ஸ் மெசேஜாக அனுப்பு. உன் குரலைக் கேட்டும் நாளாகிறது.

அன்புடன்,
அம்மா