தண்ணீரைச் சுமக்க லாரி எதற்கு? கழிவுச்சேறு உலர்த்தும் களத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

தோட்டத்து மக்களுக்கும், கிள்ளான், ஈப்போ என்று குடியேறிவிட்ட நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

போன வருடம் நம் கோயில் மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாம் பந்தி நடக்கும்போது பின்பக்கக் கழிவுத்தொட்டி பொங்கி, சமையல் கொட்டகை வரை வழிந்தது. மொய் எழுதியவர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் மறு கையால் எழுதினார். உறிஞ்சும் லாரிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லியிருந்தோம். வந்த லாரி மழையில் செம்மண் பாதையில் புதைந்து, பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. ஆனால் வந்துபோன கூலியை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். தொட்டியில் எடுக்கும் சேற்றில் நூற்றுக்குச் சுமார் 98 பங்கு தண்ணீர். 1,000 லிட்டரில் திடப்பொருள் 20 கிலோதான். நாலில் ஒரு பங்கு திடமாகும் வரை அதைக் காயவைத்தால், மிஞ்சுவது 80 கிலோ. நாம் இத்தனை நாளும் காசு கொடுத்து லாரியில் ஏற்றியது தண்ணீரைத்தான்!

செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களுக்குள், முன்பு ரப்பர் ஷீட் காயப்போட்ட பழைய புகைக்கூடத்தின் சிமெண்டுத் தரை சும்மா கிடக்கிறது. அங்கே இரண்டு களம் கட்டலாம் என்பது எங்கள் யோசனை. சுற்றிலும் இடுப்பளவு செங்கல் சுவர். அடியில் துளையிட்ட குழாய், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் கழுவிய ஆற்று மணல். ஒரு சாண் உயரத்துக்குச் சேற்றை ஊற்றினால் தண்ணீர் மணலில் வடிந்து, குழாய் வழியே தொட்டிக்கே திரும்பும், ஓடைக்குப் போகாது. நல்ல வெயிலில் இரண்டு வாரம் போனால் சேறு பாளம் பாளமாக வெடிக்கும். மண்வெட்டியால் அள்ளிச் சாக்கில் கட்டலாம். ஒன்று காயும்போது மற்றொன்றில் ஊற்றலாம்.

செலவில் பெரும்பகுதி கூரைக்குத்தான். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சாயங்கால மழை நம்மை விடாது. வெளிச்சம் இறங்கும் தகடு போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து வைக்க வேண்டும். முதல் சில நாள் நாற்றம் இருக்கும், மறைக்கவில்லை. அதனால்தான் நம் வீடுகள் இருக்கும் லயத்துக்குத் தள்ளி இடம் பார்த்தோம். இன்னொன்று: காய்ந்த சேற்றை யாரும் கீரைப் பாத்திக்குக் கேட்காதீர்கள். குடல்புழு முட்டை அத்தனை லேசில் சாகாது. சாக்குகளை அனுமதி பெற்ற ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைப்போம்.

குடும்பத்துக்கு 50 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறோம். மாதம் 10 வெள்ளியாகவும் தரலாம். தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்காக 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நம் பெரியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தானே பங்கு வாங்கினார்கள்? பணம் தர முடியாதவர்கள் மணல், செங்கல் தரலாம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரலாம். மதியச் சோறு கோயிலில்.

தோட்ட நிர்வாகமும் உரிய இலாகாவும் எழுத்து மூலம் அனுமதி தரும் வரை ஒரு காசையும் தொட மாட்டோம். அனுமதி கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும். வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் கோயில் அலுவலகத்தில் கட்டுங்கள். ரசீது வாங்காமல் போகாதீர்கள்.

இப்படிக்கு,
கட்டுமானக் குழுவினர்,
சுங்கை சிப்புட் வட்டாரம்