வீட்டுக்குப் போட்டவரின் மகன் ஏன் திசைகாட்டிக்குப் போட்டான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2024 நவம்பர் இலங்கைப் பொதுத் தேர்தலில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி முதலிடம் பிடிக்காத ஒரே மாவட்டம் எங்கள் மட்டக்களப்பு. ஐந்து ஆசனங்களில் மூன்று, வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தன. யாழ்ப்பாணத்திலோ ஆறில் மூன்றைத் திசைகாட்டி எடுத்துக்கொண்டது. அதைப் பார்த்துவிட்டு, "நம்மட சனம் மாறல்ல" என்று இங்கே பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி இல்லை. நான் வீட்டுச் சின்னத்துக்குப் போட்டேன், என் மகன் திசைகாட்டிக்குப் போட்டான். இருவருக்கும் ஒரே மாட்டுப் பட்டிதான் சோறு போடுகிறது.

அவன் இனத்தை மறந்தவன் அல்ல. எங்கள் மேய்ச்சல் தரையையும் தமிழரசுக் கட்சிக்காரரையும் பற்றி, "மயிலத்தமடுவில மாடு சாகுது, இவங்க தலைவர் பதவிக்குக் கோர்ட்டில நிக்கிறாங்க" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சரி, கட்சி அவன் பின்னால் எவ்வளவு தூரம் போக வேண்டும்? சமஷ்டியை, அதாவது அதிகாரத்தைப் பகிரும் கூட்டாட்சிக் கோரிக்கையை, கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு வீதி, வேலை என்று மட்டும் பேசலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1952 தேர்தலில் தமிழரசுக் கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே ஆசனங்கள். காங்கேசன்துறையில் கட்சியை நிறுவிய தலைவர் செல்வநாயகமே தோற்றார். ஆனாலும் அவர் சமஷ்டியைக் கைவிடவில்லை. சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற தனிச் சிங்களப் பேச்சு எழுந்த 1956இல் சனம் தானாக வந்து பத்து ஆசனங்களைக் கொடுத்தது.

கொள்கையில் அப்படி நிற்கட்டும். ஆனால் எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதை என் மகன் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும், கட்சி அதைக் கேட்டு நடக்க வேண்டும். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரை மத்திய அரசின் மகாவலி அதிகார சபையின் கையில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் வீதியில் உட்கார்ந்தது அந்தத் தரைக்காகத்தான். காணி அதிகாரம் மாகாணத்திடம் இருந்திருந்தால் எங்கள் மாடு எங்கே மேய்ந்திருக்கும் என்று ஒருவர் பட்டியடியில் நின்று விளக்கினால், சமஷ்டி என்றால் என்னவென்று அவனுக்கு ஒரு நாளில் புரிந்துவிடும். மேடையில் அந்தச் சொல்லை நூறு தடவை சொன்னாலும் புரியாது.

பெரும்போக நெல்லுக்கு வயல் விதைத்துவிட்டால் மாடுகளை அந்த மேய்ச்சல் தரைக்குத்தான் சாய்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்கு முன் நாங்கள் வாக்குப் போட்ட மூன்று பேரும் சித்தாண்டிக்கு வந்து, இதுவரை என்ன செய்தோம், இனி என்ன செய்வோம் என்று பண்ணையாளர்களிடம் நேரே சொல்ல வேண்டும். என் மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
பண்ணையாளர் ஒருவர்,
சித்தாண்டி.