கேன்டீன் கமிட்டி

கோயம்புத்தூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. முழங்காலுக்கு நீ சொன்ன எண்ணெயைத் தேய்த்துப் பார்த்தேன். வலி அப்படியே இருக்கிறது, வீடெல்லாம்தான் மருந்துக்கடை வாடை. வீட்டுக்காரி என்னோடு சேர்த்து உன்னையும் திட்டுகிறாள்.

ஜெர்மனியில், ஸ்டட்கார்ட்டில் உன் மகள் வேலை பார்க்கும் இடத்தில், ஓவர்டைம் போடக்கூட அங்கே வேலை செய்கிறவர்களே தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் மன்றத்தின் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். "முதல் போடுறவன் ஒருத்தன், முடிவெடுக்கிறவன் இன்னொருத்தனா?" என்று கேள்வி வேறு. முப்பது வருஷம் ஓசூரில் பர்சனல் ஆபீசராக நிர்வாகத்தின் பக்கம் இருந்தவன் வேறெப்படிக் கேட்பாய்!

நானும் எங்கள் நூல் மில்லில் ஆறு வருஷம், நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்து உட்காரும் ஒர்க்ஸ் கமிட்டியில் உட்கார்ந்தவன்தான். 1947 தொழில் தகராறு சட்டப்படி அமைந்த கமிட்டி. எங்கள் பக்கத்து ஆட்கள் நிர்வாகத்தின் பக்கத்தைவிடக் குறையக் கூடாது என்பது சட்டம். தலைக்கணக்கில் குறையே இல்லை. ஆனால் பேசியதெல்லாம் டீயில் சர்க்கரை, கக்கூஸ் கதவு, சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை. மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டுகிறவன் நாங்கள் ஓட்டல் நடத்தினோம் என்றே நினைப்பான்.

ஒரு கோடையில் கரண்ட் பில்லைக் குறைக்க காத்தை ஈரமாக வைத்திருக்கும் ஹியூமிடிட்டி பிளான்ட்டை ஷிஃப்டுக்குச் சில மணி நேரம் நிறுத்தச் சொன்னார்கள். காத்து காய்ந்தால் பருத்தி நூல் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷினோடு நிற்கும் சைடருக்குத் தெரியும். முதல் நாளே அறுந்த நூலை ஒட்டி ஒட்டி எங்கள் பெண்களுக்கு விரல் ஓய்ந்துவிட்டது. பஞ்சு பறந்து மூக்கை அடைத்தது. கமிட்டியில் எடுத்தேன். "அது உற்பத்தி விஷயம், இங்கே பேசக் கூடாது" என்றார்கள். ரெண்டு மாதம் கழித்து நூல் வாங்கியவர்கள் புகார் எழுதின பிறகுதான் பிளான்ட் முழுநேரமும் ஓடியது. மிச்சப்பட்ட கரண்டைவிடக் கழிவாகப் போன பஞ்சு அதிகம் என்று நிர்வாகத்தின் பக்கத்து ஸ்பின்னிங் மாஸ்டரே பின்னால் என்னிடம் சொன்னார். முதல் போட்டவனுக்குத்தான் நஷ்டம், மாணிக்கம். எங்களைக் கேட்டிருந்தால் பத்து நிமிஷப் பேச்சு.

ஜெர்மனியில் 1976இல் வந்த சட்டம், 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடத்தைத் தொழிலாளர்களுக்குக் கொடுக்கிறது. சரிசமமாக நின்றால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு, தலைவர் பெரும்பாலும் பங்குதாரர் பக்கத்து ஆள்தான். அதனால் உன் முதலாளி ஒன்றும் தெருவுக்கு வந்துவிடமாட்டார். வேடிக்கை என்னவென்றால், அதே 1976இல்தான் நம் அரசியல் சட்டத்திலும் 43-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். வழிகாட்டும் நெறி. கோர்ட்டுக்குப் போய்க் கேட்க முடியாது. சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறோம்.

பங்கு என்றால் கசப்பிலும் பங்குதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 2024இல் ஃபோக்ஸ்வாகன் கார் கம்பெனி ஜெர்மனியில் ஆலைகளை மூடப் பார்த்தது. டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். மூடுவதைத் தடுத்தாயிற்று, ஆனால் 2030க்குள் 35,000 வேலைகளுக்கு மேல் குறைக்கச் சங்கமும் கையெழுத்துப் போட்டது. அந்தக் கையெழுத்தைப் போட எனக்குத் தைரியம் இருந்திருக்குமா? மாஸ்டர் ரூமில் ஒரு காபி குடித்ததற்கே "ஆள் அந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டான்" என்று கேட்டில் நின்று பேசினார்கள். எங்கள் சங்கத்துத் தலைவர்களுக்கும் வெளியே நின்று கொடி பிடிப்பதுதான் சௌகரியம். உள்ளே போனால் பதில் சொல்ல வேண்டுமே.

எனக்குப் பாதி நாற்காலிகூட வேண்டாம். முடிவெடுப்பதற்கு முன்னால் கணக்கைக் காட்டு, மிஷினோடு நிற்கிறவனைக் கேள், அது போதும். கணக்கைப் பூட்டி வைத்துவிட்டுக் கருத்துக் கேட்டால், டீயில் சர்க்கரை போதவில்லை என்றுதான் சொல்வான்.

ஒன்று கேட்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு நஷ்டம் என்று சொல்லி போனஸைக் குறைத்தீர்களே, சங்கத்துக்காரர்கள் கேட்டு வந்தபோது நீ பேலன்ஸ் ஷீட்டை எடுத்துக் காட்டினாயா? எழுத்தில் வேண்டாம். தை மாதம் பேரனுக்குக் காது குத்து வைத்திருக்கிறோம், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பழனிச்சாமி