தீயணைக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசியபோது, எரிந்த வீட்டைப் பற்றி இரண்டு வாக்கியம்தான் சொன்னாய். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதைப் பற்றி அரை மணி நேரம் பேசினாய். "நீங்கள் தன்னார்வலர்கள்தானே? அசல் தீயணைப்புப் படை எப்போது வரும்?" என்று கேட்டாராம். விடிய விடியத் தண்ணீர் அடித்துவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்த உனக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. தைக்கத்தான் செய்யும். எனக்கு அப்போது சரியான பதில் வாயில் வரவில்லை. உன் அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். அவள் எதிரில் சில விஷயங்களைப் பேச முடியாது என்பது உனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ இதில் சேர்ந்த நாளிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை? தீயணைப்பு என்றால் எங்கும் சம்பளம் வாங்கும் உத்தியோகம் என்றே நானும் நினைத்திருந்தேன். ஜெர்மனியில் சுமார் 10 லட்சம் பேர் உன்னைப் போலத் தன்னார்வலர்களாம். சம்பளப் படை பெரும்பாலும் பெரிய நகரங்களோடு சரி. ஆஸ்திரியாவில் அப்படிப்பட்ட படை வைத்திருக்கும் நகரங்கள் மொத்தம் 6தான். அமெரிக்காவில் தீயணைப்பாளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் தன்னார்வலர்கள். ஆக, அந்த மனிதர் வாசலைப் பார்த்துக் காத்திருந்த அசல் படை ஏற்கெனவே அவர் வீட்டெதிரே குழாய் சுருட்டிக்கொண்டிருந்தது.

சிலியின் கதை என்னை இன்னும் வியக்கவைத்தது. அங்கே முதல் படை 1851-இல் வால்பரைசோ துறைமுக நகரில் தோன்றியது. தலைநகர் சாண்டியாகோவில் 1863 டிசம்பர் 8 அன்று, திருநாள் கூட்டம் நிரம்பி வழிந்த ஒரு தேவாலயத்தில் தீப்பிடித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே வர முடியாமல் மாண்டார்கள், பெரும்பாலோர் பெண்கள். இரண்டு வாரத்துக்குள் அந்த நகரத்துக்காரர்கள் கூடித் தங்களுக்கென ஒரு தன்னார்வப் படையை அமைத்துக்கொண்டார்கள். இன்றும் அந்த நாடு முழுவதும் தீயணைப்பு தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கிறது. சம்பளம் வாங்காதது மட்டுமா, தங்கள் படைப்பிரிவுக்கு மாதச் சந்தா வேறு கட்டுகிறார்கள்! தன் கைக்காசைக் கொடுத்து நெருப்புக்குள் நுழைபவனை எந்தக் கணக்குப் புத்தகத்தில், எந்தத் தலைப்பில் எழுதுவது? முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதியவனுக்கு இது பிடிபடவில்லை.

நியாயத்துக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தன்னார்வலர்கள் மீதான இளக்காரம் முழுக்கக் காரணமின்றி வந்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களில் போட்டிப் படைகள் தெருவோரத் தண்ணீர்க் குழாயை யார் முதலில் பிடிப்பது என்று அடித்துக்கொள்ளும், வீடு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். மக்கள் வெறுத்துப்போனார்கள். சின்சினாட்டி நகரம் 1853-இல் நீராவி இயந்திரத்தோடு சம்பளப் படைக்கு மாறியது. நியூயார்க் 1865-இல் மாறியது. அந்த முரடர்களின் அவப்பெயருக்கு நீ இன்று வட்டி கட்டுகிறாய்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி அந்தப் பழைய கதையிலிருந்து முளைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவர் கண்ணால் கண்டதிலிருந்து கேட்டிருக்கிறார். அவர் கண்டது என்ன? வீடு எரிகிறது, உங்களில் இரண்டு பேர் முழு உடுப்போடு, முகமூடி மாட்டத் தயாராக, வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உள்ளே இரண்டு பேர் போனால், அவர்களுக்கு ஏதாவது நேர்ந்தால் இழுத்துவர வெளியே இரண்டு பேர் நிற்க வேண்டும் என்ற விதியை நீ சொல்லித்தான் நானே அறிந்தேன். அவருக்கு யார் சொன்னார்கள்? இன்னொருவர் நல்ல கண்ணாடி ஜன்னலை உடைக்கிறார், மற்றொருவர் கூரையில் ஏறித் துளை போடுகிறார். சூட்டையும் புகையையும் மேலே வெளியேற்றாவிட்டால் அறை முழுவதும் ஒரே மூச்சில் பற்றிக்கொள்ளும் என்பது தெரியாதவருக்கு அது அடாவடியாகத்தான் தெரியும். நீங்கள் "தாமதம்" என்று ஊரார் சொல்லும் புகாரும் அப்படியே. பேஜர் அலறியதும் நீ படுக்கையிலிருந்து எழுந்து, காரை எடுத்து, நிலையத்துக்குப் போய், உடுப்பை மாட்டி, அதற்குப் பிறகுதான் வண்டியே கிளம்புகிறது. தீயைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு யுகம்.

போன மாதம் வீடியோவில் உடுப்பைக் காட்டினாயே. கால்சட்டையைப் பூட்ஸோடு சேர்த்துச் சுருட்டி, இரண்டு கிணறுகள் போலத் தரையில் நிறுத்திவைத்திருந்தாய். கால் இரண்டையும் உள்ளே விட்டு ஒரே இழுப்பில் தோள்வரை ஏற்றிவிட்டாய். காற்று சிலிண்டரோடு சேர்த்து இருபது கிலோவுக்கு மேல் வரும் என்றாய். அரை மணி நேரக் காற்று என்று சிலிண்டரில் எழுதியிருந்தாலும், ஓடியாடி இழுக்கும்போது அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும் என்றாய். பிறகு தோள்பட்டை வாரில் தொங்கிய அந்தச் சிறு பெட்டியைக் காட்டினாய். போட்டிருப்பவர் 30 விநாடி அசையாமல் இருந்தால் அது அலறத் தொடங்குமாம்; உள்ளே யாரோ விழுந்துகிடக்கிறார்கள் என்று அர்த்தமாம். நீங்கள் சும்மா நின்று பேசும்போது அது கத்திவிடாதிருக்க அவ்வப்போது இடுப்பை ஆட்டிக்கொள்வீர்கள் என்று ஆடியும் காட்டினாய். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெட்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என்னைக் கேட்டால், அந்த மனிதரின் இளக்காரம் உனக்குப் பெரிய ஆபத்தில்லை. எனக்குப் பயம் தருவது எதிர்ப்பக்கம். மாலை போடுபவர்கள், "நெருப்பின் மாவீரர்கள்" என்று மேடையில் முழங்குபவர்கள், வருடத்துக்கு ஒருமுறை வண்டியோடு படம் எடுத்துக்கொள்ளும் கவுன்சிலர்கள். ஒருவரை மாவீரர் என்று சொல்லிவிட்டால் அவருக்குப் புது முகமூடி வாங்கிக் கொடுக்க வேண்டிய கடமை முடிந்துவிட்டது போல ஊர் நடந்துகொள்கிறது. நீங்கள் எத்தனை பேரின் சம்பளத்தை அந்த ஊருக்கு மிச்சப்படுத்துகிறீர்கள் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டால், கைதட்டலோடு நிறுத்த வெட்கப்படுவார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் காடுகள் எரிந்ததை நீயும் செய்தியில் பார்த்தாய். முன்னணியில் நின்றவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். வேலைக்கு விடுப்பு போட்டு, வருமானத்தை விட்டு, வாரக்கணக்கில் நின்றார்கள். அவர்களுக்கு ஈடுத்தொகை தரலாம் என்று அரசு அறிவித்தபோது டிசம்பர் மாதக் கடைசி ஆகிவிட்டது. தீ பல மாதங்களாக எரிந்துகொண்டிருந்தது. சில படைப்பிரிவுகள் நல்ல முகமூடிக்காகப் பொதுமக்களிடம் இணையத்தில் நிதி திரட்டின. உலகமே கொண்டாடிய வீரர்கள் முகமூடிக்குக் கையேந்தினார்கள்! பிறகு ஒரு நகைச்சுவை நடிகை தொடங்கிய நிதிக்கு சுமார் 5 கோடி ஆஸ்திரேலிய டாலர் குவிந்தது. மக்கள் நெஞ்சில் ஈரம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. புகை தங்கள் நகரத்துக்குள் நுழைந்த பிறகுதான் அது கசிகிறது என்பதுதான் என் ஆற்றாமை.

புகழ்ச்சியில் இன்னொரு கெடுதல் இருக்கிறது. அது ஆபத்திலிருந்து திரும்பி வருவதைக் கடினமாக்கிவிடும். 2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, அங்குள்ள தன்னார்வத் தீயணைப்புக் குழுவினர் 250 பேருக்கு மேல் இறந்தோ காணாமலோ போனார்கள். கடைக்காரர், மீனவர், அலுவலக ஊழியர் என்று எல்லாரும் அன்றாடம் வேறு வேலை பார்ப்பவர்கள். கடற்கரையின் மதகுக் கதவுகளை மூடப் போனவர்கள் உண்டு. நகர முடியாத முதியவர்களை அழைத்துவரப் போனவர்கள் உண்டு. எல்லாரும் ஓடிவந்த திசைக்கு எதிரே போனார்கள். அதன் பிறகுதான், அலை வருவதற்கு இத்தனை நிமிடம் முன்பு எந்த வேலையையும் போட்டுவிட்டு விலகிவிட வேண்டும் என்ற வரையறையை ஊர் ஊராக வகுத்தார்கள். அந்தக் குழுக்களில் ஒரு காலத்தில் 20 லட்சம் பேர் வரை இருந்தார்கள். இப்போது 8 லட்சத்துக்கும் குறைவு. போற்றுவதற்கு ஆள் குறையவில்லை, சேர்வதற்குத்தான் குறைந்துவிட்டது.

ஆகவே தலைவர் "வெளியே வா" என்றால் வா. உள்ளே ஒரு பூனை இருந்தாலும் வா, வெளியே டிவிக்காரர்கள் இருந்தாலும் வா.

இனி உன் அம்மா போனில் முகப்புப் படமாக வைத்திருக்கும் அந்தப் புகைப்படம். ஹெல்மெட்டும் கன்னமும் கரி அப்பி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியச் சிரிக்கிறாய். வந்தவர் போனவரிடமெல்லாம் காட்டிவிட்டாள். எனக்கு அதைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. தீயணைப்புப் பணியையே புற்றுநோய்க்குக் காரணமென உறுதியானவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-இல் சேர்த்திருக்கிறது. புகை, கரி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கரி படிந்த ஹெல்மெட்டை அனுபவத்தின் அடையாளமாகச் சுமந்து திரிந்த பழைய ஆட்களின் வழக்கம் உனக்கு வேண்டாம். நிலையத்துக்குத் திரும்பியதும் குளி. அந்த உடுப்பைக் காரின் பின்சீட்டில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகாதே.

அமெரிக்காவில் பணியின்போது இறக்கும் தீயணைப்பாளர்களில் தீக்காயத்தால் இறப்பவர்களைவிட மாரடைப்பால் இறப்பவர்களே அதிகமாம். அசந்து தூங்குபவரை அலறலில் எழுப்பி, இருபது கிலோவைச் சுமக்கவைத்து, உலைச் சூட்டில் ஓடவிட்டால் இதயம் என்ன செய்யும்? நம் வீட்டில் உன் தாத்தாவுக்கு இருந்த தொல்லை உனக்குத் தெரியும். உனக்கு முப்பது வயதுதானே என்று அலட்சியமாக இருக்காதே.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை ஒரு பயிற்சி நாளில் நிலையத்துக்கு அழைத்துப் பார். உன் மேல்கோட்டை அவருக்கு மாட்டிவிடு. சிலிண்டரையும் தோளில் ஏற்று. படிக்கட்டில் ஒருமுறை ஏறி இறங்கச் சொல். வாதம் பண்ண வேண்டிய அவசியமே வராது. நல்ல மனிதராக இருந்தால் அடுத்த மாதம் சேருவதற்குப் படிவம் கேட்பார், உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை என்கிறாய்.

எனக்கு நீ எழுத வேண்டியது மூன்று விஷயம். பணியில் அடிபட்டால் மருத்துவச் செலவையும் சம்பள இழப்பையும் யார் தருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கினாயா? உடுப்பு துவைக்கும் இயந்திரம் நிலையத்தில் இருக்கிறதா, ஒரு செட் ஈரமாக இருக்கும்போது மாட்ட இன்னொரு செட் இருக்கிறதா? இதயப் பரிசோதனைக்கு எப்போது போகிறாய்? கடைசிக் கேள்விக்கு "பார்த்துக்கொள்கிறேன் அப்பா" என்று பதில் போடாதே, தேதியை எழுது.

அன்புடன்,
அப்பா