2024 ஆண்டறிக்கை: கண்ணால் பார்த்து வீசும் தூண்டில்

லூசியானாச் சதுப்பில் ஃப்ளை (இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை) வீசி மீன்பிடிக்கும் நம் சங்கத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நிர்வாகிகள் தேர்தல் அதற்கப்புறம். அதனால் நான் மீனையும் தண்ணீரையும் பற்றியே பேசிவிடுகிறேன்.

முதலில் சட்டம். ஜூன் 20 முதல் லூசியானாவில் ரெட்ஃபிஷ் என்ற செம்பு நிற மீனைப் பிடிக்கும் விதிகள் மாறிவிட்டன. முன்பு ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 மீன், 16 அங்குலம் இருந்தால் போதும், 27 அங்குலத்தைத் தாண்டிய பெரிய மீனிலும் ஒன்று எடுக்கலாம். இப்போது 4 மீன்தான், 18 முதல் 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டியது எதுவானாலும் திரும்பத் தண்ணீருக்குத்தான். வாடகைக்குப் படகு ஓட்டும் கைடுகளும் அந்தப் பயணத்தில் தங்கள் பங்குக்கு மீன் எடுக்க முடியாது. சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு இது தாமதமாக வந்த நல்ல காரியம். ரெட்ஃபிஷ் முதல் சில வருடங்களைச் சதுப்பில் கழித்துவிட்டு, பெரிதானதும் வெளிக்கடலுக்குப் போய் முட்டையிடுகிற மீன், 40 வயது வரைகூட இருக்கும். சதுப்பிலேயே பிடித்துத் தீர்த்துவிட்டால் கடலுக்குப் போய்ச் சேர ஆள் இல்லை. 1980களில் நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் ப்ருதோம் மசாலா தடவிக் கருக்கிய ரெட்ஃபிஷ் நாடெங்கும் பிரபலமாகி, வலை போட்டு அள்ளி, கடைசியில் 1988இல் இங்கே வணிகத்துக்குப் பிடிப்பதையே நிறுத்த வேண்டி வந்தது. அது ஒருமுறை போதும்.

சங்கத்துக்கு என் கோரிக்கை இதை ஒட்டியதுதான். குளிர்காலத்தில் பெரிய மீன்கள் சதுப்புக்குள் வரும்போது தாடையைப் பிடித்துத் தொங்கவிட்டுப் படம் எடுப்பதை விட்டுவிடுவோம். நனைத்த கையால் வயிற்றைத் தாங்கி, தண்ணீருக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒரு படம், அவ்வளவுதான். கொக்கி நுனிக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளை முன்பே நசுக்கி வைத்திருந்தால் கழற்றுவதும் நொடியில் முடியும்.

வசந்த காலத்தில் புல்வெளியில் நடந்த வீச்சுப் பயிற்சிக்குப் புதியவர்கள் நிறைய வந்தார்கள், சந்தோஷம். ஆனால் எல்லோருக்கும் 80 அடி வீசத்தான் ஆசை. சதுப்பில் அதற்கு வேலையே இல்லை. தண்ணீர் முழங்கால் அளவு, சில இடங்களில் அதுவும் கிடையாது, கலங்கல் வேறு, மீன் கண்ணில் படுவதே பெரும்பாலும் 30, 40 அடிக்குள்தான். படகின் பின்மேடையில் நின்று கழி ஊன்றிப் படகைத் தள்ளுகிறவர் "பதினோரு மணி, நாற்பது அடி" என்று சொன்னதும் (படகின் முனைதான் பன்னிரண்டு மணி), எதிர்க்காற்றானாலும் ஒரே ஒருமுறை பின்னால் வீசிவிட்டு ஃப்ளையை அங்கே கொண்டுபோய் வைக்கத் தெரிய வேண்டும். அடுத்த வருடப் பயிற்சியில் தூரத்தைக் குறைத்து, கண்ணுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், கண்ணாடி தண்ணீரின் பளபளப்பை அடக்கும் செம்பு நிற போலராய்ட், தேட வேண்டியது முழு மீனை அல்ல, அதன் ஒரு துண்டை: ஒரு வால் நுனி, செம்பு நிறத்தில் ஒரு நிழல், காற்றுக்குச் சம்பந்தமில்லாமல் எழும்பும் ஒரு சிற்றலை.

நவம்பரில், நியூ ஆர்லியன்ஸுக்குத் தென்கிழக்கே உள்ள மீனவ ஊரான டெலக்ரோவில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா முனையில் நிற்கிறார். புல் ஓரத்தில் ஒரு மீன் தலையைச் சேற்றில் குத்தி நண்டு கிளறுகிறது, வால் மட்டும் தண்ணீருக்கு மேலே ஆடுகிறது, விளிம்பில் நீலம், அடியில் அந்தக் கறுப்புப் பொட்டு. முதல் வீச்சு மூன்றடி தள்ளி விழுந்தது, மீன் கண்டுகொள்ளவே இல்லை. கலங்கலில் ரெட்ஃபிஷுக்கு ஃப்ளையைக் கிட்டத்தட்ட மூக்குக்கு முன்னாலேயே காட்ட வேண்டும். இரண்டாவது சரியாக அமைந்தது. இரண்டு சின்ன இழுப்பு, மீன் திரும்பியது, செவுள் விரிவதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ராடை, அதாவது தூண்டில் கம்பை, தூக்காமல் இடது கையால் லைனை நேராக இழுத்தார். ஆற்றில் டிரவுட் மீன் பிடித்துப் பழகியவர்கள் அந்த இடத்தில் ராடைத் தூக்கிவிடுவார்கள், ஃப்ளை வாயிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். 8ஆம் எண் ராட் (எண் லைனின் எடையைக் குறிப்பது) வளைந்த வளைவையும், மீனை விட்ட பிறகு அவர் கை நடுங்கியதையும் மறக்க முடியாது.

செப்டம்பர் பயணம் நடக்கவில்லை. 11ஆம் தேதி ஃபிரான்சின் புயல் லூசியானாவின் தெற்குக் கரையில் டெரபோன் மாவட்டத்தில் கரையேறியது, எல்லோருக்கும் வீட்டு வேலையே சரியாக இருந்தது.

இனி எனக்கு மனசில் பாரமாக இருக்கும் விஷயம். 1932இலிருந்து 2016 வரை லூசியானாக் கடற்கரை இழந்த நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர், இருந்ததில் கால்வாசி. மிசிசிப்பிக்குக் கரை கட்டியதால் வண்டல் வருவதில்லை, எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே போகிறது, நிலம் தானும் அமிழ்கிறது, கடலும் உயர்கிறது. புல் செத்தால் சின்னக் குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏரியாகிவிடும். அங்கே காற்று தடையில்லாமல் அடித்துச் சேற்றைக் கலக்கும், மீன் இருந்தாலும் தெரியாது. நம் மீன்பிடிப்பே அந்தப் புல்லின் மறைவில்தான் நடக்கிறது. இதில் இன்னொரு சிக்கல், மூழ்கிப் படகு போகும் தண்ணீராகிவிட்ட இடத்துக்கும் பழைய நில உரிமையாளர்கள் சொந்தம் கொண்டாடலாம், அத்துமீறல் என்று வழக்கும் வரலாம். எல்லைப் பலகை கண்ட இடத்தில் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். படகில் எல்லைக் கோடுகள் காட்டும் வரைபடம் இல்லாமல் இனி சங்கப் பயணம் கிடையாது என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை. ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி வாங்கும் பழைய கிறிஸ்துமஸ் மரங்கள் பாயு சவாஜ் வனவிலங்குச் சரணாலயத்தின் சதுப்பில் அலையைத் தடுக்கப் போடப்படுகின்றன, ஹெலிகாப்டரில் கொண்டுபோய் இறக்குவார்கள். உங்கள் தெருவில் யார் வீட்டு வாசலில் மரம் கிடந்தாலும் பேசி வையுங்கள். ஜரிகை, விளக்கு, தாங்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வெளியே வைக்க வேண்டும், செயற்கைப் பனி பூசிய மரத்தை எடுக்க மாட்டார்கள்.

செயலாளர்