ஜன்னல் திட்டில் இருக்கும் டம்ளர்

அன்புள்ள சித்தி,

"வீட்டு வேலைக்கு வருகிறவளுக்குத் தனி டம்ளர் வைத்தால் என்ன குடி முழுகிவிட்டது? காபியே தராத வீடுகள் எத்தனை இருக்கு!" என்று போனில் கேட்டீர்கள். பஸ் சத்தத்தில் சரியாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

சுத்தத்துக்காக என்றீர்கள். உங்கள் வீட்டில் அத்தனை பாத்திரத்தையும் தேய்ப்பது அந்த அக்காதான். நீங்கள் வாய் வைத்துக் குடித்த டம்ளர், சித்தப்பா கை கழுவிய தட்டு என்று எல்லாவற்றையும் துலக்கிக் கவிழ்க்கிறார். அது அப்படியே அலமாரிக்குப் போகிறது, யாரும் மறுபடி கழுவுவதில்லை. அவர் கை பட்டால் சுத்தமாகிற டம்ளர், வாய் பட்டால் மட்டும் கெட்டுவிடுமா? எச்சில்தான் சிக்கல் என்றால், ஹோட்டலில் டபரா செட்டில் ரசித்து ரசித்துக் குடிக்கிறீர்களே, அதில் காலையிலிருந்து எத்தனை பேர் வாய் வைத்திருப்பார்கள்? நாள் முழுக்க இருமிக்கொண்டே வருகிற மாமாவுக்குக்கூட நல்ல டம்ளர்தான் வெளியே வரும்.

கிராமத்து டீக்கடைகளில் ஓடியதும் இதே கணக்குதான். ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ், சேரிக்காரர்களுக்குக் கொட்டாங்குச்சி. அப்புறம் அது தனிக் கிளாஸ் ஆனது. குடித்தவரே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். கேள்வி வந்ததும் சில ஊர்களில் பிளாஸ்டிக் கப்புக்கு மாறினார்கள், அதுவும் அவர்களுக்கு மட்டும். பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் இரட்டைக் குவளை இருந்ததை ஆய்வுக்குப் போன மாவட்ட ஆட்சியரே கண்டார், வழக்கும் பதிவானது. உணவகங்களில் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் சாதியைச் சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. டீக்கடைக்கு ஆட்சியர் வருவார். உங்கள் அடுப்படிக்கு யார் வருவார்கள்?

நீங்கள் சாதி பார்த்து வைக்கவில்லை, தெரியும். அந்த அக்கா என்ன சாதி என்று நீங்கள் கேட்டதே இல்லை. அதுதான் எனக்கு வியப்பு. கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் டம்ளர் தானாகத் தனியே போய்விட்டது. பாட்டி வைத்தார், நீங்களும் வைத்தீர்கள். அவர் மகளுக்கு நோட்டுப் புத்தகமும் தீபாவளிக்குப் புடவையும் மனதாரக் கொடுக்கிற உங்களுக்கு, துணி சோப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்த அந்த விளிம்பு நசுங்கிய டம்ளர் கண்ணில் படவே இல்லை.

போன மாதம் நான் ஏதோ சொன்னதும் பேப்பர் கப் வாங்கி வைத்தீர்கள். சிலிண்டர் போடுகிற தம்பிக்கு அது, பிளம்பருக்கு அது, அக்காவுக்கும் அது. எனக்கு மட்டும் எவர்சில்வர். சாமான் மாறியது, வரிசை மாறவில்லையே சித்தி.

நாளைக்கு அலமாரியிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து ஊற்றிக் கொடுங்கள். "இருக்கட்டும்மா, எனக்கு இதுவே போதும்" என்பார். அதை அவருடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பல வீடுகளில் வேலை பார்த்துப் பழகிய பதில் அது. ஒரு நாற்காலியையும் இழுத்துப் போடுங்கள். சித்தப்பா முணுமுணுத்தால் போனை அவரிடம் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்